கிள்ளானில் இறங்கிய அம்மன்

போன மாதம் ஒரு காதுகுத்து விருந்தில் பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்தேன். என் கொழுந்தனாருக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரத்தில் மூன்று நாள் போய் இரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறார். அவருடைய ஒன்பது வயது மகளிடம், அப்பாவுக்கு ஓவர்டைம் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அவள் என் பக்கத்து இலையில் உட்கார்ந்து, "பெரியம்மா, ஓவர்டைம் செஞ்சா கையெல்லாம் வீங்குமா?" என்று கேட்டாள். எதிர் வரிசையிலிருந்து அவள் அம்மா எனக்குக் கண்ணைக் காட்டினாள். கை கழுவும் இடத்தில் என்னைத் தனியாகப் பிடித்துக்கொண்டு, "சின்னப் பிள்ளைகிட்ட எதுக்குக்கா சொல்லணும்? பாவம்லா," என்றாள்.

சின்னப் பிள்ளை! அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் ஒரு சின்னப் பிள்ளையாக இருந்தவள்தான். ஒன்றுமே சொல்லாமல் பத்திரமாக வளர்க்கப்பட்டவள்தான். அந்தப் பத்திரத்தால் என்ன நடந்தது என்பதைக் குழாயடியில் நின்றபடியே அவளுக்குச் சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் நாங்கள் பிரிக்பீல்ட்ஸில், ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். இயந்திரத்தில் எந்த ஆணி தளர்ந்திருக்கிறது என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பார், ஆனால் வீட்டில் என்ன சத்தம் கேட்டாலும் பேப்பரை விட்டு நிமிரமாட்டார். வீட்டை நடத்தியது அத்தை. அப்பாவுக்கு அக்கா, கணவர் இல்லை, கெட்டிக்காரி. அம்மா சமைப்பாள், துவைப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள்.

அம்மாவுக்கு அம்மன் வரும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். இரண்டு மாதத்துக்கு ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ, செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு அப்படியே சாய்வாள். கைகால் வெட்டி வெட்டி இழுக்கும், வாயில் நுரை தள்ளும். அத்தை ஓடிவந்து நெற்றி நிறைய விபூதி பூசுவாள், குங்குமம் வைப்பாள், பல்லுக்கு நடுவில் எலுமிச்சம்பழத்தை அழுத்துவாள், சூடம் ஏற்றுவாள். "யாரும் தொடாதீங்க, ஆத்தா எறங்கியிருக்கா!" என்று வாசல்வரை கேட்கும்படி சொல்வாள். நான் கைகூப்பி நிற்பேன். பயமே கிடையாது. பெருமைதான். எங்கள் வரிசையில் பன்னிரண்டு வீடுகள். வேறு எந்தப் பிள்ளையின் அம்மாவுக்கும் அம்மன் வரவில்லை.

அக்கம்பக்கத்தார் குறி கேட்க வருவார்கள். ஒரு தடவை, இழுப்பு நின்று அம்மா கண் திறக்கும் நேரத்தில், "தண்ணி... தண்ணி..." என்று முனகினாள். அத்தை உடனே பக்கத்து வீட்டு ஆன்டியைப் பார்த்து, "ஒன் மகனுக்குத் தண்ணியில கண்டம் இருக்குன்னு ஆத்தா சொல்றா," என்றாள். அந்தப் பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து போர்ட் டிக்சன் கடற்கரைக்குக் கூட்டிப்போக இருந்தார்கள். ஆன்டி அவனை வீட்டிலேயே நிறுத்திவிட்டார், அவன் இரண்டு நாள் அழுதான். ஆத்தா காப்பாற்றினாள் என்று எங்கள் வீட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வந்தது. அம்மாவுக்குத் தாகம். அவ்வளவுதான். அத்தனை பேர் கைகூப்பி நின்ற அந்தக் கூடத்தில் ஒருத்தருக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கத் தோன்றவில்லை.

மாதா மாதம் அம்மாவும் அத்தையும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் வருவார்கள். எனக்குச் சொன்னது, கோயிலுக்கு. சாமிப் படத்துக்குப் பின்னால் ஒரு மைலோ டின்னில் வெள்ளை மாத்திரைகள் இருக்கும். எனக்குச் சொன்னது, சத்து மாத்திரை. இப்படி ஒரு முழு வீடே கூடிப் பொய் சொன்னதற்குக் காரணம் என் கல்யாணமாம்! வலிப்பு என்று வெளியே தெரிந்தால் நாளைக்கு இவளை எவன் கட்டுவான் என்று அத்தை கேட்டாளாம். அப்பா பேப்பருக்குள் தலையை ஆட்டினாராம். எனக்கு அப்போது எட்டு வயது. முன்பல் இரண்டும் விழுந்து, ஓட்டைப் பல்லோடு திரிந்துகொண்டிருந்தேன். அந்த மாப்பிள்ளைக்காகத்தான் இத்தனையும்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும். கிள்ளானில் இருந்த மாமா வீட்டுக்கு, அதாவது அம்மாவின் அண்ணன் வீட்டுக்கு, முறுக்கு கொண்டுபோக வேண்டும். வெளியே போனால் எப்போதும் அத்தை கூட வருவாள். அன்றைக்கு அவளுக்குக் கடுங்காய்ச்சல். அம்மா இரண்டு நாளாக முறுக்குச் சுட்டுச் சரியாகத் தூங்கவில்லை. இருந்தாலும் அண்ணனைப் பார்க்கும் ஆசையில் கிளம்பினாள். அத்தை படுத்தபடியே என்னைக் கூப்பிட்டு ஒரு கைக்குட்டையை முடிந்து கொடுத்தாள். உள்ளே விபூதிப் பொட்டலம், குங்குமம், ஒரு எலுமிச்சம்பழம்.

"வழியில ஆத்தா வந்துட்டா, நான் செய்யறதப் பாத்திருக்கல்ல? அப்படியே செய். ஒருத்தரையும் தொட விடாத."

பள்ளி நாடகத்தில் எனக்கு மரம் வேடம்தான் கொடுத்திருந்தார்கள். இது அதைவிடப் பெரிய பொறுப்பு. கைக்குட்டையைச் சட்டைப்பையில் வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆத்தா கட்டாயம் வர வேண்டும் என்று பஸ்ஸில் வேண்டிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வந்தாள். கிள்ளான் பஸ் நிலையத்தில் இறங்கி நாலு அடி நடந்திருப்போம். அம்மா நின்றாள். கையிலிருந்த டின் விழுந்து மூடி திறந்து, முறுக்கெல்லாம் சிமெண்டுத் தரையில் உருண்டது. அடுத்த நொடி அம்மாவும் கடை ஓரத்துப் படிக்கட்டில் மல்லாந்து விழுந்தாள்.

நான் ஒரு பிழையும் செய்யவில்லை. அத்தை செய்யும் வரிசைப்படியே செய்தேன். விபூதி பூசினேன், குங்குமம் வைத்தேன். கூட்டம் கூடியது. "தொடாதீங்க! அம்மன் வந்திருக்கு!" என்று கத்தினேன். தமிழ் ஆட்கள் சட்டென்று செருப்பைக் கழற்றினார்கள். பூ விற்கும் அக்கா ஒருத்தி ஓடிவந்து, அம்மாவின் சேலைத் தலைப்புக்கு ஒரு சாண் தள்ளிச் சூடம் ஏற்றினாள். ஒரு அங்கிள் குனிந்து, "தாயே, மகனுக்கு வேல கெடைக்குமா?" என்று கேட்டார். அம்மாவின் தலை படியின் விளிம்பில் டக் டக்கென்று மோதிக்கொண்டிருந்தது. நெற்றி ஓரத்தில் சிவப்பாக வழிந்தது. நான் வைத்த குங்குமம்தான் கரைகிறது என்று நினைத்தேன்.

எலுமிச்சம்பழத்தை எடுத்து அம்மாவின் பல்லுக்கிடையில் அழுத்தப் போனேன். அந்த நேரம் பார்த்துக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பஸ் கண்டக்டர் வந்தாள். மலாய்க்காரப் பெண், பருத்த உடம்பு, தோளில் டிக்கெட் பை. நான் இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்று, எனக்குத் தெரிந்த மலாயில், "ஜாங்கான் பெகாங்! துஹான் டாத்தாங்!" என்றேன். தொடாதே, கடவுள் வந்திருக்கிறார் என்று பொருள்.

அவள் என் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தாள். சூடத்தைச் சப்பாத்து போட்ட காலால் நசுக்கி அணைத்தாள். "ஏய், ஏய்!" என்று அந்த அங்கிள் சத்தம் போட்டார். அவள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டிக்கெட் பையைக் கழற்றி அம்மாவின் தலைக்கடியில் வைத்தாள். அம்மாவை ஒரே புரட்டில் ஒரு பக்கமாகத் திருப்பினாள். வாயிலிருந்து நுரையும் எச்சிலும் வெளியே வழிந்தன. அடைபட்டுக் கிடந்த மூச்சு கர்ரென்று வந்தது. அப்புறம்தான் அவள் என்னைப் பார்த்தாள்.

"புக்கான் துஹான், டிக். இனி சாக்கிட். மாக் சாக்கிட்."

சாக்கிட் என்றால் நோய். எட்டு வயதில் அது தெரியும். கடவுள் இல்லை தங்கச்சி, உன் அம்மாவுக்கு நோய் என்கிறாள். எனக்கு வந்த ஆத்திரம்! யார் இவள்? எங்கள் அம்மனைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? அவள் முழங்கையைக் கிள்ளினேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, திட்டவும் இல்லை. அம்மா எழுந்து உட்கார்ந்து சுற்றிப் பார்த்து, "தண்ணி," என்றாள். கண்டக்டர் எதிர்க் கடைக்குப் போய் ஒரு கிளாஸ் தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தாள். அம்மா கடகடவென்று குடித்தாள். குறி சொல்வாள் என்று நின்றவர்கள் கலைந்து போனார்கள்.

யாரோ போய்ச் சொல்லி மாமா வந்து, அம்மாவின் நெற்றியில் மூன்று தையல் போடவைத்து, எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டார். அத்தை காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். "பிள்ள சரியாத்தான் செஞ்சிருக்கு. அந்தப் பொம்பள தொட்டதுனாலதான் ரத்தம்," என்று தீர்ப்புச் சொன்னாள். என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். அப்பா, "விடுக்கா, சின்னப் பிள்ள," என்று பேப்பரைப் புரட்டினார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அத்தையைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அத்தை தூங்கிக்கொண்டிருந்தாள். அம்மா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். தரையில் உட்கார்ந்து என்னையும் உட்காரவைத்தாள்.

"இங்க பாரு பாப்பா. எனக்கு அம்மனும் வரல, ஒண்ணும் வரல. வலிப்பு. ஒன்னையவிடச் சின்னதா இருக்கும்போதே வந்துச்சு. டின்னுல இருக்கே, அது சத்து மாத்திர இல்ல. அதுக்குத்தான் மருந்து. தெனமும் போடணும், தூக்கம் கெடக் கூடாது. போட்டாலும் சில நேரம் வரும்."

"செத்துப் போயிருவியா?"

அத்தையாக இருந்தால் வாயிலேயே ஒன்று போட்டிருப்பாள். அம்மா கொஞ்சம் யோசித்தாள்.

"எல்லாரும் ஒரு நாளைக்குப் போறவங்கதான். இதுனால ஒடனே போக மாட்டேன். ஆனா மல்லாக்கக் கெடந்தா மூச்சு அடைச்சுக்கும். அதுனாலதான் ஒனக்குச் சொல்லித் தரேன்."

சொல்லிவிட்டு, நெற்றிக் கட்டோடு அந்தச் சிமெண்டுத் தரையில் மல்லாந்து படுத்தாள். "திருப்பு," என்றாள்.

நான் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. "முட்டிய மடக்கு. அந்தக் கைய இந்தப் பக்கம் போடு. இப்ப இழு." அம்மா ஒரு பக்கமாகப் புரண்டாள். "வாயில ஒண்ணும் வைக்காத. தலைக்கு ஏதாச்சும் துணி வை. கடியாரத்தப் பாரு. அஞ்சு நிமிசம் தாண்டுச்சுன்னா யாரையாச்சும் கூப்புடு. மலாய்க்காரங்களா, சீனங்களான்னு பாக்காத. சரி, மறுபடியும்." மீண்டும் மல்லாந்து படுத்தாள். நான்கு முறை திருப்பவைத்தாள். திருப்பத் திருப்ப எனக்கு அழுகை வந்தது. அம்மாவுக்கு நோய் என்பதற்காக அழவில்லை. எனக்கிருந்த ஒரே பெருமையை அவளே பிடுங்கிக்கொண்டாளே என்று அழுதேன்.

"பொய் சொல்ற! நீ சும்மா நோயாளியா?" என்று கத்தினேன்.

"ஆமா," என்றாள் அம்மா, படுத்தபடியே. "சும்மா நோயாளிதான்."

அன்று மாலை பக்கத்து வீட்டு ஆன்டி வந்தார். கிள்ளான் நடுரோட்டிலேயே ஆத்தா இறங்கிய செய்தியை அத்தை வேலிக்கு மேல் சொல்லியிருந்தாள். ஒரு தட்டில் மூன்று எலுமிச்சம்பழம் வைத்துக் கொண்டுவந்திருந்தார். வாசலில் நான்தான் இருந்தேன்.

"பாப்பா, நீதான் கூட இருந்தியாமே? ஆத்தா என்னம்மா சொன்னுச்சு? நம்ம வீட்டப் பத்தி ஏதாச்சும்?"

தட்டை வாங்கிக்கொண்டேன். அத்தையின் குரல் என் தொண்டையில் தயாராக இருந்தது.

"கண்டமெல்லாம் தீந்துருச்சாம் ஆன்டி. இனிமே நல்லதுதான் நடக்குமாம்."

ஆன்டி இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார். திரும்பினால், திரைச்சீலைக்குப் பின்னால் அம்மா நிற்கிறாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா தட்டை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மூன்று பழத்தையும் அறுத்துப் பிழிந்து, தண்ணீரும் சீனியும் கலந்து, இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றை என் கையில் கொடுத்தாள். மற்றதை நின்றபடியே குடித்தாள்.

"நாளைக்கும் திருப்பிப் பழகணும்," என்றாள்.

கிள்ளானில் அப்படி விழுந்த பிறகு, அந்த வீட்டில் ஒரே ஒரு ஆளாவது தன்னை உள்ளபடி அறிந்திருக்க வேண்டும் என்று அம்மா நினைத்திருக்கிறாள். கணவரை நம்பவில்லை, ஓட்டைப் பல்லோடு இருந்த என்னை நம்பித் தரையில் படுத்துக் காட்டினாள். விடிந்து பொழுது சாய்வதற்குள் நான் அத்தை பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டேன். அத்தையின் மேலும் அப்பாவின் மேலும் இத்தனை வருஷமாக எனக்கு இருக்கும் கோபத்தில் ஒரு பங்கு என்னையும் சேரும். அதெல்லாம் அன்றைக்கு எனக்கு எங்கே புரிந்தது? சீனி பத்தவில்லை என்று டம்ளரைத் திருப்பி நீட்டினேன்.