அத்திப்பழத்துக்குக் களிம்பு பூசிய கதை

அத்திப்பழம் வெடித்தால் அதற்குத் தாகம் என்று அர்த்தம். இதை நான் இரண்டு நாள் முழுசாக நம்பினேன். சும்மா நம்பவில்லை, கையில் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நம்பினேன்.

என் பக்க நியாயத்தையும் கேளுங்கள். நிலம் வெடிப்பது காய்ந்துபோய். உதடு வெடிப்பது காய்ந்துபோய். பதுளையில் காற்றுக்காலம் வந்தால் என் மனைவியின் குதிகால் வெடிப்பதும் காய்ந்துபோய்தான். பழம் மட்டும் வேறு என்னத்துக்கு வெடிக்கும்?

வீட்டுக்குப் பின்னால் சரிவில் நான் நட்ட மரம் அது. முதல்தடவையாகக் காய்த்தது, பத்தொன்பது. அந்தச் சந்தோஷத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எங்கள் வேதக்கோயில் அறுப்புப் பண்டிகையில் ஆளாளுக்கு விளைந்ததைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். அதற்கு முன்கூட்டியே மற்றவர்கள் பூசணி, லீக்ஸ், வாழைக்குலை என்று பெயர் கொடுக்க, நான் எழுந்து நின்று, "நம்ம வீட்டுலருந்து ஒரு தட்டு அத்திப்பழம்" என்றேன். பிரசங்கத்தில் மட்டும் கேட்ட பழம். சபையே திரும்பிப் பார்த்தது. போதகர் அதை அறிவிப்பிலும் வாசித்துவிட்டார்.

பண்டிகைக்குப் பத்து நாள் இருந்தது. வாரக்கணக்கில் வெயிலும் காற்றும். நானும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. திடீரென்று ஒரு மத்தியானம் மழை கொட்டித் தீர்த்தது. மறுநாள் காலை பார்த்தால் நான்கு பழம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது, உள்ளே எறும்பு.

ஒரு மழை போதவில்லை போல, பாவம், என்று காலையும் மாலையும் குழாயைத் திறந்துவிட்டேன். அதோடு விட்டேனா? மனைவியின் குதிகால் களிம்பை எடுத்து, மீதிப் பழங்களுக்கு ஒவ்வொன்றாகப் பூசினேன்.

"என்னங்க, அந்த டப்பாவ எங்க வச்சீங்க?"

"மரத்துக்குக் கொஞ்சம் தேவப்பட்டுச்சு."

அவள் என்னையும் பார்த்தாள், பளபளவென்று தொங்கிய பழங்களையும் பார்த்தாள். "செருப்பும் வாங்கிக் குடுத்துருங்க."

இரண்டாம் நாள் இன்னும் ஆறு வெடித்தது. பண்டிகை மேசையில் வெறும் தட்டோடு நான் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது.

பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து நாற்றுமேடையில் வேலை செய்தவர். என் குழாயைப் பார்த்ததும் வேலியைத் தாண்டி வந்தே விட்டார்.

"அண்ணே, மொதல்ல அத மூடுங்க. இது தாகத்துல வெடிக்கல. குடிச்சு வெடிச்சிருக்கு."

"குடிச்சா?"

"காய்ஞ்சு கெடந்த மரம். தோலு இறுகிப்போச்சு. ஒரேயடியாத் தண்ணி ஏறுனா உள்ள சதை ஊதுது, தோலு கூடச் சேந்து விரியமாட்டேங்குது. கல்யாணச் சட்டைய இப்ப போட்டுப் பாருங்க, வெளங்கும்."

என் மனைவி ஜன்னலில் நின்று சிரித்தாள். அந்த உதாரணம் அவ்வளவு தேவையில்லை.

அவர் சொன்னபடி அன்றைக்கே மண்வெட்டியோடு இறங்கினேன். வேரைச் சுற்றித் தேங்கிய தண்ணீர் ஓடக் கான் வெட்டினேன். தேயிலைக்குப் போடுவதுபோல மானாப்புல்லை அறுத்து அடியில் கனமாகப் பரப்பினேன். வெயிலில் ஈரம் சட்டென்று போகாதாம். மண் மேலே காய்ந்த பிறகு, இரண்டு நாளைக்கு ஒரு வாளி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதலிலிருந்தே இப்படி ஊற்றியிருந்தால் இந்தக் கூத்தே இல்லை என்றார் அவர். இன்னொன்றும் சொன்னார்: காம்பு துவண்டு, பழம் தலையைத் தொங்கப்போட்டு, தொட்டால் மெத்தென்று இருந்தால் பறித்துவிட வேண்டும், மழையைக் கண்டால் காத்திருக்கவே கூடாது. விறைப்பாக நிற்பதைப் பறித்தால் வீட்டில் வைத்தாலும் பழுக்காது.

ஒரு வாரம் ஒன்றும் வெடிக்கவில்லை. நான் மணிக்கொரு தரம் போய் மீதி ஒன்பதுக்கும் நாடி பார்க்காத குறை. சனிக்கிழமை மத்தியானம் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. சோற்றுக் கையைக் கழுவாமலே எழும்பி ஓடினேன். ஆறு பழம் தலை தொங்கியிருந்தது, பறித்தேன். மூன்று விறைப்பாக நின்றது. கை பரபரத்தது, விட்டுவிட்டேன்.

சாயங்காலம் வரை மழை. மரத்தில் விட்ட மூன்றில் ஒன்று வெடித்தது. பறித்த ஆறும் ஞாயிற்றுக்கிழமை முழுசாக மேசையில் இருந்தன.