கோழிக்குப் போன மாத்திரை

கஃப்ர் தும்மான் கிராமத்துக்குப் புதுப்பெண் வந்தால், ஏழாம் நாள் அந்த வீட்டு வாசலில் நபவிய்யா நிற்பாள். தோளில் சுகாதார நிலையத்துத் துணிப்பை, அதற்குள் கருத்தடை மாத்திரை அட்டைகள். முப்பத்தோரு வருஷமாக இதே நடை. தேநீரை வாங்கி, சர்க்கரை போதாது என்று குறை சொல்லி இன்னும் இரண்டு கரண்டி போட்டுக்கொண்டு, அதன் பிறகுதான் பேச்சை எடுப்பாள். உலகத்தில் இத்தனை கோடி பேர், இனி பூமி தாங்காது என்று மேலிடத்தில் எழுதிக்கொடுத்த கணக்கை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கோடியைக் கண்டவர் அந்த ஊரில் யார்? "நமக்குப் பிள்ளை பிறக்குது, நிலத்துக்குப் பிறக்க மாட்டேங்குதே" என்பாள். அவ்வளவுதான்.

கேட்டவர்கள் சிரித்தார்கள், தலையாட்டினார்கள், பிள்ளை பெற்றுக்கொண்டே போனார்கள்.

அவளுடைய ஓரகத்தி ரத்தீபா ஆறு ஆண்பிள்ளை பெற்றவள். அட்டையை மறுக்காமல் மாதா மாதம் வாங்கிக்கொண்டாள். ஒருநாள் நபவிய்யா முற்றத்துக்குள் நுழைந்தபோது, அவள் மாத்திரைகளைப் பொடித்துத் தவிட்டில் பிசைந்து கோழிகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். தின்றால் கோழி நன்றாகச் சதை போடுமாம். அவள் வயிற்றில் ஏழாவது, ஐந்து மாதம். "மரம் வச்சவன் தண்ணி ஊத்தாமலா போவான், போடி" என்றாள் கொஞ்சமும் கூசாமல். பிறந்த பையனுக்கு மர்ஸூக் என்று பெயர் வைத்தாள். படியளக்கப்பட்டவன் என்று அர்த்தம். நபவிய்யாவின் முகத்தில் கரி பூசவே வைத்த பெயர்.

நபவிய்யா சும்மா விடுவாளா? அந்தக் கோழிக் கதையை வீடு வீடாகக் கொண்டுபோனாள். சொல்லும்போது கோழியைப் போலக் கழுத்தை வெட்டிக் காட்டுவாள். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் மர்ஸூக்குக்குக் 'கோழி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதை அவள் பெரிதாக எண்ணவில்லை. ஊர் நல்லதுக்குச் சொன்ன கதைதானே என்று இருந்துவிட்டாள்.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுத் தான் வேறு வழி போனவள் இல்லை அவள். ஒரு பெண், ஒரு ஆண், அத்தோடு நிறுத்திக்கொண்டாள். 'அரை மலடி' என்று மாமியார் சாகும்வரை ஏசினாள். பலன் பின்னால்தான் தெரிந்தது. மாமனார் விட்டுப்போனது ஒரு ஃபத்தான், ஏறக்குறைய ஓர் ஏக்கர் நிலம்; இரண்டு மகன்களுக்கும் சரிபாதி. மூத்தவரான ரத்தீபா கணவரின் பாதி ஏழு கூறாகி, ஆறு கூறுகளில் வீடு எழும்பிவிட்டது. நபவிய்யாவின் அரை ஃபத்தான் மட்டும் செங்கல் சுவர்களுக்கு நடுவே பச்சையாகக் கிடந்தது. கணவன் இறந்து, மகன் குவைத்துக்குப் போன பின்பும் அவளே கோதுமை விதைத்தாள். காலையில் வரப்பில் போய் நிற்பாள். இத்தனை வருஷம் தொண்டை வற்றக் கத்தியதற்கு இந்த ஒரு துண்டாவது சாட்சி என்று தோன்றும். அந்த நேரத்தில் அவளைப் போலச் சந்தோஷமானவள் ஊரில் கிடையாது.

மீதமிருந்த ஏழாவது கூறு மர்ஸூக்குடையது. பெரிய வாய்க்காலிலிருந்து அவள் வயலுக்கு வரும் சின்ன வாய்க்கால் அதன் குறுக்கேதான் ஓடியது. நோன்புப் பெருநாளுக்கு முந்தின மாலை அங்கே செங்கல் வந்து இறங்கியது. விளைநிலத்தில் வீடு கட்டுவது குற்றம். ஆனால் பெருநாள் விடுமுறையில் அதிகாரிகள் வீட்டில் பலகாரம் தின்றுகொண்டிருப்பார்கள். யாராவது புகார் சொன்னால்தான் அசைவார்கள். அதற்குள் கூரை போட்டுவிட்டால் அபராதத்தோடு போய்விடும். ஊரில் பாதி வீடுகள் பெருநாளில் பிறந்தவைதான்.

புகார் எண் நபவிய்யாவின் கைப்பேசியில் இருந்தது. அதைக் கையில் பிடித்தபடியே மர்ஸூக்கிடம் போனாள்.

"வாய்க்காலை மூடிட்டா என் கதிர் என்னப்பா ஆகும்? இப்பத்தான் பால் பிடிக்குது."

அடியில் குழாய் பதித்துத் தருவதாகச் சொன்னான். அவன் அண்ணன்மார்களும் அப்படிச் சொல்லித்தான் மற்ற வாய்க்கால்களை மூடினார்கள். அந்தக் குழாய்களெல்லாம் சாக்கடை அடைத்துக் கிடந்தன. அவள் அதைச் சொல்லவும் அவன் மண்வெட்டியைக் கீழே வைத்தான். தனி வீடு இல்லாமல் பெண் தரமாட்டோம் என்று பெண்வீட்டார் மூன்று வருஷமாக ஒற்றைக்காலில் நிற்கிறார்கள் என்றான். அண்ணன்கள் வீட்டு மாடிகள் அவர்கள் பிள்ளைகளுக்கே போதவில்லை என்றான். பிறகு அவன் குரல் இறங்கியது.

"கூப்பிடுங்க சின்னம்மா, உங்க மேல தப்பில்ல. நான் பிறந்ததே தப்புன்னு ஊர் முழுக்கச் சொன்னவங்கதானே நீங்க. பிறந்துட்டேன். எங்கயாச்சும் நிக்கணும்ல?"

அவள் கணக்கு அன்றும் சரி, இன்றும் சரி. ஆனால் அந்தக் கணக்கில் மிச்சமாக வந்த எண், இருபத்தெட்டு வயதில், சிமெண்ட் காய்ந்த கையோடு எதிரே நிற்கிறது. அவன் பிறந்த அன்றைக்கு வெந்நீர் வைத்ததும் அவள்தான், முதலில் தூக்கியதும் அவள்தான். கைப்பேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வயலுக்காக அழுதாளா, அவனுக்காக அழுதாளா என்றால், இரண்டுக்கும்தான்.

நான்கு நாளில் கூரை ஏறியது. சொன்னபடி குழாயும் பதித்தான், பாவம். முதல் முறைக்கு ஒரு கை அகலம் தண்ணீர் வந்தது. அடுத்த முறைக்கு அதுவும் இல்லை. குழாய்க் கிணறு போடலாமென்றால் அடிநீர் உப்பு. வயல் ஓரத்திலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தது. முழுதும் கருகும்வரை பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு மனம் வரவில்லை. கதிரைப் பச்சையாகவே அறுத்து, வைக்கோல் தீயில் வாட்டி, கையால் கசக்கி ஃபரீக் ஆக்கிவிட்டாள். அரை ஃபத்தானுக்கு இரண்டு மூட்டைதான் தேறியது.

இரண்டு மாதம் கழித்து மர்ஸூக்கின் மனைவியாக ஹனாதி அந்த வீட்டுக்கு வந்தாள். ஏழாம் நாள் நபவிய்யா போனாள். தோளில் பழைய துணிப்பை, கையில் கல்யாணச் சீராக ஒரு பை ஃபரீக். தேநீர் வந்தது. சர்க்கரையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. கூடியிருந்த பெண்கள் எப்போது ஆரம்பிப்பாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மர்ஸூக்தான் சிரித்தபடி பேச்சைத் தொடங்கிவைத்தான்.

"அந்தக் கோழிக் கதையை இவகிட்டயும் சொல்லிருங்க சின்னம்மா. எப்படியும் எவளாவது சொல்லத்தான் போறா."

"எந்தக் கதை? எனக்கு மறந்துபோச்சுப்பா."

பையைத் திறக்காமலே எழுந்தாள். இந்தப் பெண்ணுக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். பாதத்துக்கு அடியில் தரை ஓடு சில்லென்றிருந்தது. வாய்க்கால் இந்த இடத்தில்தான் ஓடியது.

வழியனுப்ப மர்ஸூக் வாசல்வரை வந்தான். எதிரே காய்ந்த தாள் நின்ற அவள் நிலத்தில் யாரோ இரண்டு குப்பைப் பைகளை எறிந்திருந்தார்கள். அவள் அண்ணாந்து பார்த்தாள். கூரையின் நான்கு மூலையிலும் தூண் கம்பிகள் ஒரு முழ உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தன. மகன்களுக்கு மாடி எழுப்ப எல்லா வீட்டிலும் விட்டுவைக்கும் கம்பிதான். வழக்கமாக அதைக் காட்டித்தான் வீட்டுக்காரனை இரண்டு வசவு விடுவாள்.

"கம்பியைச் சும்மா விட்டு வைக்காதப்பா. சிமெண்ட் பால் பூசி வை, துருப்பிடிச்சுரும். நாளைக்கு உன் பிள்ளைங்களுக்கு வேணுமே."

சொன்னது தன் வாய்தானா என்று அவளுக்கே நம்பமுடியவில்லை. முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குனிந்து அந்தக் குப்பைப் பைகளை எடுத்துக்கொண்டு நடந்தாள்.