சிரித்தால் வரும் வலி

முதல் வலி மின்விசிறிக் காற்றில் வந்தது. பீங்கான் பொம்மைகளுக்குக் கண் வரைவது என் வேலை. காற்று இடது கன்னத்தில் பட்டதும் மின்சாரம் பாய்ந்ததுபோல் ஒரு வெட்டு. சில நொடிகள்தான். தூரிகை தரையில் கிடந்தது.

பிறகு பல் தேய்த்தால் வந்தது, சோறு மென்றால் வந்தது, சிரித்தாலும் வந்தது. பல் மருத்துவர் இரண்டு கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார். வலி போகவில்லை. அடுத்துப் பார்த்த மருத்துவர், என் கணவர் துபாயில் இருக்கிறார் என்று கேட்டதுமே மனஅழுத்தம் என்று முடிவு செய்து தூக்க மாத்திரை எழுதினார்.

மாமியார் அன்றே மகனுக்குப் போன் செய்தார். "லீவு போட்டுட்டு வா தம்பி. நீ வந்து நின்னா அவளுக்கு எல்லாம் சரியாயிடும்."

கணவர் மருந்தாக வந்து சேர்ந்தார். விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கியதும், "என்ன புள்ள, இந்த மருந்து சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றார். சிரித்துவிட்டேன். வலி வெட்டியது. அசையாமல் நின்றேன், கண்ணீர் மட்டும் வழிந்தது.

"பாத்தியா, உன்னப் பாத்ததுமே அழுவுறா," என்றார் மாமியார்.

விடுப்பில் பாதி கழிந்தும் வலி குறையவில்லை. அதே மருத்துவரிடம் போனோம். அவர் என் கணவரிடம் கேட்டார்: "நீங்க வந்துமா இப்படி? வூட்டுல ஏதாச்சும் சண்டையா?"

"இல்ல டாக்டர்," என்று எழுந்தவர், "எனக்கும் இடுப்பு புடிச்சிருக்குது, பெட்டி தூக்குனதுல," என்று சேர்த்துக்கொண்டார்.

எப்போதிலிருந்து, எந்த இடம், காலுக்கு இறங்குகிறதா, எதைச் செய்தால் கூடுகிறது என்று மருத்துவர் வரிசையாகக் கேட்டார். ஸ்கேன் எழுதினார்.

நான் எழுந்திருக்கவில்லை. "அவரக் கேட்டதையே என்னையும் கேளுங்க."

"வா புள்ள..."

"நீங்க சும்மா இருங்க மச்சான்."

கேட்டார். சொன்னேன். இடது பக்கம் மட்டும். காற்று, பல் தேய்ப்பது, சோறு, சிரிப்பு. ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் நடுவில் வலியே இல்லை.

"இத முதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா."

"நீங்க கேக்கலியே சார்."

எம்ஆர்ஐ (காந்தத்தின் உதவியால் உடலின் உட்புறத்தைப் படமெடுக்கும் சோதனை) எடுத்தார்கள். முக்கிளை நரம்பை (முகத்தின் உணர்வை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு) ரத்தக்குழாய் ஒன்று அழுத்திக்கொண்டிருந்தது. பிடுங்கிய பற்கள் இரண்டும் நல்ல பற்கள். நரம்பின் துடிப்பை அடக்கும் மாத்திரை முதலில் தலைசுற்றலைத் தந்தது. பிறகு வலி பின்வாங்கியது.

இதே வலியோடு இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஆணின் வலிக்குக் காரணத்தை உடம்பில் தேடுகிறார்கள். நம் வலிக்குக் குடும்பத்தில். மருத்துவர் உங்களை விட்டுவிட்டுக் கூட வந்தவரிடம் பேசினால் குறுக்கிடுங்கள். நாற்காலியைக் காலி செய்யாதீர்கள்.

வலி திரும்பி வரலாம் என்கிறார்கள். பல் போன இடத்தை நாக்கு இன்னும் தேடுகிறது. முன்பு சிரிப்பதற்கு முன் வலிக்குப் பயந்து ஒரு கணம் தயங்குவேன். அந்தக் கணம் இப்போது என்னுடையது.

கணவர் துபாய்க்குத் திரும்பிய நாளில், அதே ஜங்ஷனில், ரயில் படியில் நின்றபடி, "மருந்து தீந்துபோச்சு, போயிட்டு வரட்டா?" என்றார். வாய்விட்டுச் சிரித்தேன்.

"புருஷன் ஊருக்குப் போறான், இவ இளிக்கிறா," என்றார் மாமியார்.

ரயில் மறையும் வரை நான் நிறுத்தவில்லை.