தகரம் தட்டாத இரவு

காட்டுப்பன்றியை நான் சுட்டதே இல்லை. சுடப் போனது மட்டும் உண்டு. அந்த ஓர் இரவைப் பற்றி இத்தனை வருஷமாக யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

யுத்த காலம். அரிசிக்கு அலைந்த நாட்கள். திருத்தணியில் காட்டை ஒட்டி எங்களுக்கு அரைக்காணி மேட்டு நிலம் இருந்தது. எங்களிடம் கூலி வேலை செய்தவர் ஒருவர் விளைச்சலில் எங்களுக்குப் பங்கு என்று அதை வாரத்துக்கு வாங்கி வேர்க்கடலை போட்டிருந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். நான் அவரை ‘நீ’ என்பேன், அவர் என்னைச் ‘சின்னய்யா’ என்பார். அதற்குக் கூச்சப்பட எனக்கு அப்போது தெரியவில்லை. அவர் வீட்டில் ஐந்து வயிறு. அந்த வருஷம் முழுக்க அந்தக் கடலையை நம்பித்தான். பிடுங்க இன்னும் எட்டு நாள் இருந்தது.

பன்றிகள் வர ஆரம்பித்தன. அவர் ராத்திரியெல்லாம் நெருப்பு மூட்டித் தகரத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார். அவை ஓரத்தில் நாலு செடியைக் கிளறிவிட்டு ஓடிவிடும். பயிர் நின்றது. அவருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. நாங்கள் நைனா என்று கூப்பிடும் என் அப்பாவின் இரட்டைக்குழல் துப்பாக்கி வீட்டில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. தோட்டா குதிரைக்கொம்பாக இருந்த காலத்தில் பெட்டியில் இரண்டு மிச்சம் இருந்தன. எனக்கு வயது இருபத்திரண்டு. வேறு காரணம் வேண்டுமா?

“நீ தட்டிகினே இருந்தா அதுங்க எப்படி கிட்ட வரும்? இன்னிக்கி சத்தமே கூடாது. நெருப்பும் வேணாம்,” என்றேன்.

“பயிரு நின்னா போதுங்க, சின்னய்யா.”

“ஒண்ணைச் சுட்டா மத்ததுங்க இந்தப் பக்கமே வராது.”

“ஆங்... சரிங்க,” என்றார். வேறு என்ன சொல்வார்? நிலம் எங்களுடையது.

மலைமேல் இருப்பவரே வேடனாக வந்து பெண் கொண்டவர் என்பது எங்கள் ஊர்ப் பெருமை. அதனால் வேட்டைக்கு முன் எங்கள் வீட்டில் துப்பாக்கியை மலையைப் பார்க்கச் சாத்தி, சாம்பிராணி போட்டு, கோயில் சந்தனத்தைக் குழலிலும் நெற்றியிலும் மார்பிலும் பூசுவார்கள். நான் ஒரு கிண்ணத்தையே காலி செய்தேன். பன்றிக்குக் கண் மந்தம், மூக்கு கூர்மை என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நானோ கல்யாண மாப்பிள்ளை மாதிரி மணத்துக்கொண்டு, அவை வழக்கமாக வரும் வடக்கு வரப்பில், அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காட்டைப் பார்த்து உட்கார்ந்தேன். காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து காட்டுக்குள் வீசிக்கொண்டிருந்தது.

நடுஜாமத்துக்கு மேல் அவர் என் முழங்கையைத் தொட்டார். “தெக்குக் கோடியில சத்தம் கேக்குதுங்க. தட்டட்டுமா?”

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. “சும்மா இரு. இந்தப் பக்கம்தான் வரும்.”

சற்று நேரம் கழித்து மறுபடியும் கேட்டார். எரிந்து விழுந்தேன். அவர் தகரத்தைத் தரையில் வைத்துவிட்டார்.

விடிந்ததும் பார்த்தோம். தெற்குக் கோடியிலிருந்து முக்கால் நிலம் ஏர் ஓட்டியது போலக் கிளறிக் கிடந்தது. என் சந்தன வாசனையை மோப்பம் பிடித்து விலகி, சுற்றி வந்து, நான் ஏற்படுத்திக் கொடுத்த அமைதியில் ஆற அமரத் தின்றுவிட்டுப் போயிருக்கின்றன.

அவர் மனைவி கூழ்ச் சட்டியோடு வந்தார். நிலத்தைப் பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. புருஷனைத்தான் கேட்டார்: “ஏன்யா தட்டல?”

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. “தூங்கிட்டேன்,” என்றார்.

“அஞ்சு பேரு வயித்துல மண்ணப் போட்டுட்டு தூங்கினியா, பாவி!” அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். புருஷன் குனிந்து, தப்பிய கடலைகளை மண்ணிலிருந்து பொறுக்க ஆரம்பித்தார்.

வெட்கத்தில் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை என்று பின்னாளில் எனக்கு நானே சொல்லிக்கொண்டதுண்டு. அது பொய். கூலிக்காரர் வீட்டுப் பெண் முன்னால் தாழ்ந்துபோக எனக்கு மனம் வரவில்லை. அவர் தூங்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லாமல், துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.