ஐறீன் அக்காவின் பெடியன்

வெள்ளவத்தையில் நாங்கள் அறை எடுத்திருந்த வீட்டில், அடுத்த அறைக்காரி ஐறீன் அக்கா. மன்னார்ப் பக்கம், பேசாலை. கலியாணம் கட்டாதவர். கொச்சிக்கடையில் மெழுகுதிரி விற்கும் கடையொன்றில் வேலை. விடிய பஸ் ஏறினால் பின்னேரம்தான் முகத்தைக் காணலாம். சண்டைக் காலத்தில் கொழும்புக்கு வந்து ஒதுங்கிய எத்தனையோ பேரில் இவரும் ஒருவர் என்றுதான் நான் நினைத்திருந்தேன், அவருடைய அறைக்குள் எட்டிப் பார்க்கும் வரைக்கும்.

சன்னலோரம் சட்டியில் ஒரு செவ்வரத்தைச் செடி. அதைச் சுற்றி நுளம்பு வலை. உள்ளே கொப்பைக் கட்டிப் பிடித்து, வாலைச் சுருட்டிக்கொண்டு ஒரு பச்சோந்தி. அதன் ஒரு கண் என்னைப் பார்த்தது, மற்றது சுவரைப் பார்த்தது. நான் போட்ட சத்தத்துக்கு வீட்டுக்காரர் சிவபாதசுந்தரத்தார் சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"நிறம் மாறுற ஆக்கள் நாட்டிலை காணாதெண்டு வீட்டுக்குள்ளையும் ஒண்டோ?" என்று கேட்டார் என் கணவர் முத்துலிங்கம்.

"அவன் நிறம் மாறினாலும் குணம் மாறான், தம்பி" என்றார் ஐறீன் அக்கா. அதோடு கதை முடிந்தது. சிவபாதசுந்தரத்தார் மட்டும் ஒரு கிழமையாக முணுமுணுத்தார். அவர் எதற்குத்தான் முணுமுணுக்காமல் இருந்தார்.

அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் மீரா சாஹிப். பேசாலையில் ஐறீன் அக்காவுக்கு நல்ல பழக்கமானவர். இப்போது புத்தளத்தில் இருந்துகொண்டு உப்பு லொறி ஓட்டினார். அது வேலியில் கிடந்த வலையில் சிக்கிக் கால் வெட்டுப்பட்டுக் கிடந்ததைக் கண்டிருக்கிறார். மன்னாரில் இருக்கும்போது ஐறீன் அக்கா இப்படி ஒன்றை வளர்த்தவர் என்ற ஞாபகத்தில் ஒரு பனங்கூடைக்குள் வைத்துக் கொழும்புக்கே கொண்டுவந்துவிட்டார். அந்த முதல் பச்சோந்தி தாகத்தில் செத்தது என்று ஐறீன் அக்கா சொல்வார். கோப்பையில் தண்ணீர் வைத்தாராம். பக்கத்திலே தண்ணீர் இருக்க அது குடிக்கவில்லை. இலையில் துளி துளியாகத் தொங்கினால்தான் இதுகளுக்குத் தண்ணீர் என்று தெரியும். அதனால் இவனுக்குக் காலையும் மாலையும் செவ்வரத்தை இலையில் கையால் தண்ணீர் தெளிப்பார். பிறகு நகராமல் நின்று, அவன் நக்கிக் குடிக்கிறானா என்று பார்ப்பார். வேலைக்குப் பிந்தினாலும் அது நடக்கும்.

சாப்பாடு அதைவிடப் பெரிய பாடு. கரப்பான் பூச்சிக்கு வெள்ளவத்தையில் பஞ்சமில்லை, ஆனால் மருந்தடித்த பூச்சியைத் தின்றால் செத்துப்போவான். ஆகவே ஞாயிறு பூசை முடிந்ததும் ஐறீன் அக்கா கோயில் சட்டையோடேயே கடற்கரை ரயில் பாதைக்குப் போய், புல்லுக்குள் குனிந்து குனிந்து வெட்டுக்கிளி பிடிப்பார். காவலுக்கு நின்ற ஆமிக்காரன் ஒருவன் ஒருமுறை போத்தலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பார்த்துவிட்டு, தன் தொப்பிமேல் இருந்த ஒன்றையும் பிடித்து அதற்குள் போட்டுவிட்டான். எனக்குப் பூச்சியைக் கண்டால் ஆகாது. இருந்தும் நானும் இரண்டு மூன்று தடவை போயிருக்கிறேன். அப்படி ஒரு மனுசி அவர், மாட்டேன் என்று சொல்ல வாய் வராது.

வினை வந்தது பெயரால். அவனை அவர் 'பெடியன்' என்றுதான் கூப்பிடுவார். எங்களுடைய பேச்சில் பெடியன் என்றால் வெறும் பையன்தான். ஆனால் அந்த வருசங்களில் 'பெடியள்' என்றால் எல்லாருக்கும் ஆயுதம் தூக்கிய இயக்கப் பெடியள்தான். அந்தச் சொல்லை பஸ்ஸுக்குள் சொல்லவே நாங்கள் பயப்படுவோம்.

"அக்கா, வேறை பேர் வையுங்கோ" என்றேன்.

"ஆம்பிளைப் பிள்ளையை வேறை என்னெண்டு கூப்பிடுறது?"

அந்த மாதம் பச்சோந்தி சாப்பாட்டை விட்டுவிட்டது. ஐறீன் அக்கா நடுக்கூடத்தில் இருந்த போனில் மீரா சாஹிப்பிடம் சத்தமாகக் கதைத்தார். லைன் தெளிவில்லை, ஆகவே வீடு முழுக்கக் கேட்டது. "நீங்கள் கொண்டுவந்து விட்ட பெடியன் அறைக்குள்ளை பத்திரமா இருக்கிறான். கால் காயம் ஆறிட்டுது. சாப்பிடுறான் இல்லை, அதுதான் பயமாக் கிடக்கு."

இது யார் காதில் விழுந்ததோ, யார் போய்ச் சொன்னார்களோ, இன்றுவரைக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

பொலிஸ் வந்தபோது ஐறீன் அக்கா கடையில். புத்தளத்திலிருந்து வந்து ஒளித்திருக்கும், காலில் காயம்பட்ட பெடியன் எங்கே என்று கேட்டார்கள். அறை அறையாகக் கிளறினார்கள். நுளம்பு வலைக்குள் எட்டிப் பார்த்த ஒருவன் 'கட்டுஸ்ஸா', ஓணான், என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்துவிட்டு அப்பால் போனான். வீட்டில் இருந்த ஒரே இளந்தாரி என் கணவர். கொழும்பில் தங்கத் தமிழருக்கு வேண்டிய பொலிஸ் பதிவு ஒழுங்காகத்தான் இருந்தது. காலில், சைக்கிளால் விழுந்த பழைய தழும்பும் இருந்தது. அது போதுமாக இருந்தது. ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அப்படி ஏற்றப்பட்டவர்களில் வருசக் கணக்காகத் திரும்பாதவர்களை எனக்குத் தெரியும். பின்னேரம் ஐறீன் அக்கா வந்தபோது நான் நிலத்தில் இருந்தபடியே, அவர்கள் கேட்ட கேள்வியைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவருடைய முகம் வெளிறியது.

"அது என்ரை பெடியனெல்லோ" என்றார்.

சிவபாதசுந்தரத்தார் குறுக்கிட்டார். "வாயை மூடிக்கொண்டு இரும். உந்தப் பிராணியை வீட்டிலை வச்சிருக்கிறதும் சட்டப்படி பிழை. கொண்டுபோய்க் காட்டினீரெண்டால் அதையும் பறிச்சு, உம்மையும் உள்ளை போடுவாங்கள்."

"போடட்டும்" என்றார் ஐறீன் அக்கா.

மறுநாள் காலை வழக்கம்போலத் தண்ணீர் தெளித்து, அவன் குடிக்கும்வரை நின்றார். பிறகு அவன் பிடித்திருந்த கொப்பை வெட்டி, கொப்போடேயே பனங்கூடைக்குள் வைத்தார். நானும் கூடப் போனேன். பொலிஸில் எங்களைக் கனநேரம் வாங்கில் இருத்திவிட்டு, பொறுப்பதிகாரியான பெரியவர் முன்னால் விட்டார்கள். ஐறீன் அக்கா கூடையைத் திறந்து மேசையில் வைத்தார்.

"மாத்தயா, மே தமய் பெடியன்" என்றார். ஐயா, இதுதான் அந்தப் பெடியன்.

பச்சோந்தி கோபத்தில் கறுத்துப்போய், வாயைப் பிளந்து பெரியவரைப் பார்த்துச் சீறியது. அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். என்னோடு விளையாடுகிறாயா என்று கத்தினார். ஓணான் சாதிக்கு யாராவது பெடியன் என்று பெயர் வைப்பார்களா என்றார். நான் முடிந்தது கதை என்று நினைத்தேன்.

ஐறீன் அக்கா அசையவில்லை. கொச்சிக்கடையில் பழகிய சிங்களத்தில் பணிவாகக் கேட்டார். "மாத்தயா வீட்டில் நாய் இருக்கிறதா? அதை எப்படிக் கூப்பிடுவீர்கள்?"

வாசலில் நின்ற பொலிஸ் கொஸ்தாப்பல்தான் தரையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னான். "கொல்லா கியலா, சேர்."

கொல்லா என்றால் சிங்களத்தில் பெடியன். அறையில் யாரோ சிரிப்பை அடக்கிய சத்தம் கேட்டது. பெரியவர் கொஸ்தாப்பலை முறைத்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தது யாரென்று ஐறீன் அக்காவிடம் கேட்டு, புத்தளத்துக்குப் போன் போட்டு மீரா சாஹிப்பைக் கூப்பிடச் சொன்னார். அவர் அந்தப் பக்கத்தில், உயிர் பதறப் பதற, வெட்டுப்பட்ட கால் எந்தக் கால் என்பது வரை ஒப்புவித்திருக்கிறார். மத்தியானத்துக்கு முன் என் கணவரைக் கொண்டுவந்து விட்டார்கள். சேட்டுக் கசங்கியிருந்தது, உதடு வீங்கியிருந்தது. ஆனால் தன் காலால் நடந்து வந்தார்.

பச்சோந்தியைத் தர முடியாது என்றார் பெரியவர். வனசீவராசிகள் திணைக்கள ஆட்கள் வந்து எடுத்து, வறண்ட காட்டில் விடுவார்களாம். ஐறீன் அக்கா தலையாட்டினார். கொஸ்தாப்பலைக் கூப்பிட்டு, கோப்பையில் தண்ணீர் வைக்க வேண்டாம், இலையில் தெளிக்க வேண்டும் என்று இரண்டு தரம் சொல்லிக் கொடுத்தார். கூடையையும் அங்கேயே விட்டுவிட்டார்.

காலி வீதி வழியே மூவரும் வீட்டுக்கு நடந்தோம். கொஞ்சத் தூரம் போனதும் என் கணவர் அழத் தொடங்கிவிட்டார். "அக்கா, என்னாலை உங்கடை பெடியன் போயிட்டான்" என்றார்.

"அவனுக்கு அங்கை மரமெண்டாலும் இருக்கும்" என்றார் ஐறீன் அக்கா. "உமக்கு அந்தப் பொலிஸ் கூட்டுக்குள்ளை ஆர் இருக்கினம்?"

நான் ஐறீன் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். வீடு வரைக்கும் விடவில்லை.