அத்தான் பார்த்த ஓங்கில்கள்

அக்கா வீட்டுக்காரர் கனடாவில் படகில் போய்த் திமிங்கலம் பார்த்தவர். ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தப் படங்களைக் காட்டுவார். போன மாசியில் வந்தபோது, நம் கடலிலும் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். சம்பா அறுவடை முடிந்து நானும் சும்மாதான் இருந்தேன். சீர்காழிக்குக் கிழக்கே, கடற்கரையில், வீட்டுச் சாப்பாட்டுக்கு எங்களிடம் நெல் வாங்கும் மீனவர் ஒருவர் உண்டு. அவரிடம் கேட்டேன்.

“திமிங்கலமா? நான் பாத்ததெல்லாம் கரையில செத்து ஒதுங்கினதுதாங்க. ஓங்கில் வேணா வரும், பாக்கலாம்” என்றார். டால்பினைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அத்தானுக்கு அதுவும் சம்மதம்.

காலை ஏழு மணிக்கு அவருடைய ஃபைபர் படகில் கிளம்பினோம். முகத்துவாரம் தாண்டும் வரை அத்தான்தான் பேசிக்கொண்டு வந்தார். ஆலாப் பறவைகள் மீனுக்காகத் தலைகீழாக நீரில் பாய்வதைக் காட்டினார். ஓர் ஆமை தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு அமிழ்ந்ததைப் படமெடுத்தார். கரை ஒரு கோடாகத் தேய்ந்ததும் பேச்சு நின்றுவிட்டது. தின்ற இட்லி கடலுக்குப் போயிற்று. வலைக்குவியல்மேல் சாய்ந்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார்.

“திரும்பிடலாமா அத்தான்?”

“வேணாம் மாப்ள. அஞ்சு நிமிஷம், சரியாயிடும்.”

சரியாகவில்லை. அரை மணி கழித்து மீனவர் எஞ்சினை நிறுத்தி வலப்பக்கம் கைகாட்டினார். புஸ்ஸென்று மூச்சுச் சத்தம்தான் முதலில் கேட்டது. பிறகு சாம்பல் நிற முதுகுகள், நான்கு. ஒன்றின் விலாவை ஒட்டிக் குட்டி ஒன்று. அவை துள்ளவில்லை, படகைச் சுற்றவுமில்லை. நடவுக்குப் போகிறவர்கள் வரப்பில் நடப்பதுபோல ஒன்றன்பின் ஒன்றாக வடக்கே போயின.

“அத்தான், வந்துருச்சு, எழுந்திரிங்க!”

கையை மட்டும் அசைத்தார். துண்டு விலகவில்லை.

வீட்டில் இலை போட்டு உட்கார்ந்ததும் அக்கா கேட்டாள். எனக்கு முன்னால் அவர் பதில் சொன்னார்.

“முப்பது இருக்கும். இந்தப் பக்கம் துள்ளி அந்தப் பக்கம் விழுது!”

“படம் எங்க?”

“ஃபோனைப் புடிச்சிக்கிட்டு இருந்தா கண்ணால பாக்க முடியுமா?” என்றவர், என் பக்கம் திரும்பினார். “நீயே சொல்லு மாப்ள.”

“ஆமாக்கா, நிறைய வந்துச்சு” என்றேன்.

அக்கா அவருடைய வெளிறிய முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர் இலையில் மோர் சாதம் மட்டும் வைத்தாள். குழம்பு கேட்டார், ஊற்றவில்லை.