குழாய்க்குள் ஒரு தீக்குச்சி

தாவூது பாய் பெட்ரோல் திருடவில்லை. என் தீக்குச்சிதான் அத்தனையையும் குடித்தது. அது தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை.

சொல்லிவிட்டேன். முகத்தைச் சுளிப்பவர்கள் தாராளமாகச் சுளித்துக்கொள்ளுங்கள், எனக்கென்ன!

யுத்த காலம் அது. பெட்ரோலுக்குக் கூப்பன். மயிலாப்பூரில் என் மெக்கானிக் ஷெட்டுக்கு அபிராமபுரத்து வக்கீல் ஒருவரின் கார் வரும். அவருடைய டிரைவர்தான் தாவூது பாய். அன்று டயமிங் வைக்கக் கொண்டுவந்திருந்தார்.

என்ஜினுக்குள் தீப்பொறி எந்தக் கணத்தில் விழவேண்டும் என்று வைப்பதுதான் டயமிங். அந்த வண்டியில் கார்புரேட்டரிலிருந்து, பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு மெல்லிய குழாய் ஒன்று போகும். வண்டி சீராக ஓடும்போது என்ஜின் அதன் வழியே காற்றை உறிஞ்சும், பொறி சற்று முன்னதாக விழும், பெட்ரோல் மிச்சமாகும். டயமிங் வைக்கும் நேரத்தில் மட்டும் அந்தக் குழாயைக் கழற்றி அடைத்துவிட வேண்டும். தீக்குச்சியில் நூல் சுற்றி அடைப்பது என் வழக்கம். வேலை முடிந்ததும் பிடுங்கிவிட்டு மாட்டவேண்டும். இவ்வளவுதான் வித்தை!

நான் என்ன செய்தேன்? வக்கீலைப் போல இருமிக் காட்டிக்கொண்டிருந்தேன். பேச்சு மறந்து போகும்போதெல்லாம் அவருக்கு வருமே, ஒரு கனமான இருமல்... பாய் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரசிகன் சிரித்தால் நான் விடுவேனா? பிடுங்கும்போது குச்சி முறிந்தது. கையில் வந்த பாதியை எறிந்தேன். மறுபாதி உள்ளேயே கிடப்பதைக் கவனிக்காமல், இருமிக்கொண்டே குழாயை மாட்டினேன்.

அந்த மாதக் கூப்பன் இருபது நாளில் தீர்ந்தது. அடுத்த மாதமும் அப்படியே. வக்கீல் பாயையும் அழைத்துக்கொண்டு நேரே ஷெட்டுக்கு வந்துவிட்டார். டயமிங்கில் கோளாறா என்று கேட்டார்.

 நான் பதில் தேடுவதற்குள் பாய் முந்திக்கொண்டார்.

"அவுரு கை வச்சா தப்பு வராது சார்."

தனக்கிருந்த ஒரே கதவை அவரே சாத்தினார்! நான் செய்ததெல்லாம் தாழ்ப்பாள் போட்டதுதான். பானெட்டைத் திறந்துகூடப் பார்க்காமல், வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றேன்.

"அப்போ பெட்ரோல் எங்கேடா போறது?" என்று வக்கீல் பாயைப் பார்த்துக் கேட்டார். மறுநாள் பாய்க்கு வேலை இல்லை.

சில வாரம் கழித்துப் புது டிரைவரோடு வண்டி வந்தது. குழாயைக் கழற்றினேன். உள்ளே... கறுத்துப்போன பாதித் தீக்குச்சி! வக்கீல் என் தோளுக்குப் பின்னால் நிற்கிறார். கம்பியால் அதை நெம்பி எடுத்தேன். அடுத்து நான் செய்த வீரச் செயலைக் கேளுங்கள். வாயில் போட்டு மென்றேன்! நூல், கிரீஸ், எல்லாம் சேர்த்து. என்ன மெல்லுகிறாய் என்றார். பல்வலிக்குக் கிராம்பு என்றேன்.

வண்டி திருந்திவிட்டது. அதுதான் கொடுமை. அடுத்த மாதம் வக்கீல் சிரித்துக்கொண்டே வந்தார்.

"பாத்தியோ? திருடன் போனான், பெட்ரோல் மிஞ்சறது."

அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா என்கிறீர்கள். சொன்னால் எவன் என்னை நம்பி வண்டி விடுவான்? நீங்கள் என் இடத்தில் இருந்தால் சொல்லியிருப்பீர்களா? அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் ஆட்டியிருப்பேன். மன்னிப்பு ஒன்றும் உங்களிடம் கேட்கவில்லை. அதைக் கொடுக்கவேண்டியவர் நீங்களும் இல்லை.

திருட்டுப் பட்டம் பெற்ற டிரைவருக்கு எந்த வீட்டில் சாவி கொடுப்பார்கள்? பாய் இப்போது கிண்டியில், ரேஸ் பார்க்க வருகிறவர்களுக்கு ஜட்கா ஓட்டுகிறார். இந்தப் பக்கம் வந்தால் குதிரையை நிறுத்திவிட்டு ஷெட்டுக்குள் எட்டிப் பார்ப்பார். போன வாரமும் வந்தார்.

"இன்னா நைனா, சொகமா கீறியா? அந்த வக்கீல் இருமலை ஒரு தபா போடு."

நான் இருமினேன். அவர் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இன்னொரு தபா என்றார்.

இன்னொரு தடவையும் இருமினேன்.